முடிந்தபோதெல்லாம்

ரவுண்ட் ராக், டெக்சாஸ்
14 செப்டம்பர் 2002

அன்புத் தம்பி ஜுஹைருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். உன் இருமல் விட்டதா? பிரஸ்ஸல்ஸில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். கம்பத்து வெயிலில் வளர்ந்த உடம்பு, கழுத்தை மூடிக்கொண்டு போ.

ஈமெயில் இருக்கும்போது இது என்ன தாளும் பேனாவும் என்று கேட்பாய். தமிழில் அனுப்பினால் உன் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்கிறாய். இங்கிலீஷில் எழுத வருகிற விஷயம் இல்லை இது. ஃபோனில் பேசலாம் என்றால் உன் மச்சான் பக்கத்து அறையில் இருக்கிறார்.

விஷயம் அவரைப் பற்றியதுதான். போன மாதம் ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது காரைக் கொண்டுபோய் எதிர்வீட்டு ஸ்ரீநிவாசன் அங்கிளின் தபால் பெட்டியில் மோதிவிட்டார். "வெளிச்சம் கண்ல பட்டுடுச்சு" என்றார். நான் நம்பவில்லை. ஆறு மாதமாகவே வாசற்படியில் தடுக்கிக்கொண்டிருந்தார். இழுத்துக்கொண்டு போய் ஆஸ்டினில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டில் தெரியாது, கடைசியில் குழாய் வழியே பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். அதுவும் ஒருநாள் போகும். மருந்து இல்லை.

மச்சானுக்கு நாற்பத்தொரு வயது.

ஆபீஸில் தெரியாது. தெரியவும் கூடாது. இப்போது நான்தான் ட்ரைவ் பண்ணி அவரைக் கொண்டுபோய் விடுகிறேன். டிராஃபிக் பிடிக்கவில்லை, அதனால் பெண்டாட்டி ஓட்டுகிறாள் என்று அங்கே சொல்லி வைத்திருக்கிறார். கிரீன் கார்டு வேலை பாதியில் நிற்கிறது. அஃப்னான் இங்கே பிறந்தவன்; மற்ற எங்கள் மூன்று பேருடைய விசாவும் அவர் வேலையோடு கட்டிய மாடு மாதிரி. வேலை போனால் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

இன்ஷாவுக்குத் தெரியும், பதினான்கு வயதாகிறது, மறைக்க முடியவில்லை. அஃப்னானுக்கு ஐந்து வயது, அத்தா தடுக்கினால் சிரிக்கிறான். அம்மாவிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. எனக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உனக்காக துஆ செய்யும் அக்கா,
மெஹர் நிஷா


பிரஸ்ஸல்ஸ்
6 அக்டோபர் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இருமல் போய்விட்டது. உன் கடிதத்தை டிராமில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

மச்சானிடம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டாம். நான் சட்டம் படிக்கச் சென்னை போனபோது ஹாஸ்டல் வாசல் வரை பெட்டியைத் தூக்கி வந்தவர் அவர். அவரைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று போனமுறை ஃபோனில் கேட்டாய். நான் சொன்னது உனக்குப் புரியவில்லை, எனக்கும் சொல்ல வரவில்லை. இப்போது முயல்கிறேன். அரசாங்கம் எதையாவது வாங்கிக்கொண்டே இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு டிக்கெட் மெஷின், பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர், ஆஸ்பத்திரிக்குக் கதவு. டெண்டர் விடுவார்கள், பெரும்பாலும் யார் குறைந்த விலை சொன்னானோ அவனுக்குப் போகும். இங்கே ஐரோப்பிய யூனியனின் பதினைந்து நாடுகளும் எப்படி வாங்க வேண்டும் என்பதற்கு ஒரே பொதுச் சட்டம். அதைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் பத்துப் பேர் இருக்கும் சின்ன அமைப்பு, அந்தத் திருத்தத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்க்கப் பார்க்கிறோம்: பொதுப் பணத்தில் வாங்கும் எந்தப் பொருளும் கண் தெரியாதவர், நடக்க முடியாதவர், காது கேளாதவர் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும்.

ஒரு வாக்கியம்தான். அதற்கு இரண்டு வருடமாக அலைகிறோம். அமெரிக்காவில் இப்படி ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது. மச்சானுக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்குமா?

பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தம்பி,
ஜுஹைர்


ரவுண்ட் ராக்
5 ஜனவரி 2003

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகப் போனது. ஹூஸ்டனுக்கு ஆஸிபா வீட்டுக்குப் போயிருந்தோம். என்னோடு காலேஜில் படித்தாளே, அதே ஆஸிபா. அங்கே ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் நல்ல சீரகச்சம்பா கிடைத்தது. நீ பெருநாளன்று என்ன சாப்பிட்டாய்? அதை எழுதவே இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொன்னால் சிரிப்பாய், இல்லை அழுவாய். மச்சானின் வேலையே அதுதானடா. இங்கே அரசாங்கத்துக்குக் கம்ப்யூட்டர் விற்க வேண்டுமானால் கண் தெரியாதவர்களும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டுமாம். பெரிய கம்பெனிகள் அந்தச் சோதனையை வெளியே கொடுக்கின்றன. இவர் இருப்பது அறுபது பேர் வேலை பார்க்கும் அந்த மாதிரி ஒரு சின்ன நிறுவனம். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் சாஃப்ட்வேரைக் காதில் மாட்டிக்கொண்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, கீபோர்டு மட்டும் வைத்து டெஸ்ட் பண்ணுவார். டீமிலேயே இவர்தான் வேகமாம். மேனேஜர் புதிதாக வருகிறவர்களைக் கூட்டி வந்து இவருக்குப் பின்னால் நிறுத்திக் காட்டுகிறாராம். "எப்படி நசுருதீன், ஸ்க்ரீன் ஆஃப்ல இவ்வளவு ஃபாஸ்ட்டா பண்றே?" என்று கேட்டால், "ப்ராக்டிஸ்தான்" என்பாராம்.

உனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. என்னால் அவரிடம் எதையும் மறைத்து வைக்க முடியவில்லை. "ஜுஹைர் தானே, பரவால்ல" என்றார். உன் வாக்கியத்தைப் பற்றியும் சொன்னேன். அப்போது முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? "அவனை நல்லா கெட்டியா எழுதச் சொல்லு. லூஸா எழுதினா எவனும் மதிக்க மாட்டான்" என்றார்.

"நீங்களும் ஆபீஸ்ல சொல்லி அந்த சாஃப்ட்வேரை உங்களுக்கே கேட்கலாமே" என்றேன். "சட்டம் இருக்கு மெஹர். ஆனா நவம்பர்ல பதினோரு பேரை அனுப்பினாங்க. அடுத்த லிஸ்ட் போடும்போது யார் பேரு மொதல்ல ஞாபகம் வரும்?" என்றார்.



அக்கா,
மெஹர் நிஷா


பிரஸ்ஸல்ஸ்
9 பிப்ரவரி 2003

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். இங்கே பனி கணுக்கால் வரை.

பெருநாளன்று ஆபீஸில் சாண்ட்விச் சாப்பிட்டேன். கேட்டாயே என்று எழுதுகிறேன்.

எங்கள் வேலை நெருக்கடியில் இருக்கிறது. ஜூலையில் பாராளுமன்றத்தில் ஓட்டு. அதற்கு முன் உறுப்பினர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் தயாரிக்கிறோம். போன வாரம் ஓர் உறுப்பினரைப் பார்த்தோம். நல்ல மனிதர். நாங்கள் கொண்டுபோன கணக்குகளைப் புரட்டிவிட்டு எங்கள் இயக்குநர் அம்மாவிடம் சொன்னார்: "நாலு கோடிப் பேர் என்கிறீர்கள். எனக்கு அதில் ஒருவரையும் தெரியாது. பெயரும் முகமும் இல்லாத ஆளுக்காக என் நாட்டு அமைச்சரோடு நான் எப்படிச் சண்டை போடுவது?"

அக்கா, கேட்கவே கூசுகிறது. ஆனால் கேட்கிறேன். பார்வை போய்க்கொண்டிருக்கும் ஒருவர், பார்வை இல்லாதவர்களுக்காக நாளெல்லாம் பொருள்களைச் சோதித்துக் கொடுக்கிறார். தனக்கென்று கேட்க முடியவில்லை. இதைவிடச் சொல்ல என்ன இருக்கிறது? இரண்டு பக்கம்தான். மச்சான் சம்மதித்தால் எழுதுவேன். இங்கே வெளியாகும் புத்தகம், டெக்சாஸில் யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் முதல் வாரத்தில் அச்சுக்குப் போகிறது. சீக்கிரம் பதில் போடு.

தம்பி,
ஜுஹைர்


ரவுண்ட் ராக்
9 மார்ச் 2003

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் சுகம். உன் கடிதம் வர இரண்டு வாரம் ஆனது. வந்த பிறகும் நான் உடனே எழுதவில்லை, மச்சான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

வேண்டாம் தம்பி.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆசையாத்தான் இருக்கு. ஆனா என் கண்ணைப் பத்தி நான் சொல்றதுக்கு முன்னாடி இன்னொருத்தர் சொல்லக் கூடாது. கிரீன் கார்டு வந்துடட்டும், நானே பிரஸ்ஸல்ஸ் வந்து உன் மெம்பர் முன்னாடி நின்னு பேசறேன். அதுவரைக்கும் வேணாம். ஜுஹைர் மேல கோபம் இல்லைன்னும் எழுது."

பத்து நாள் யோசித்துவிட்டுச் சொன்னார். நீ கேட்டது தப்பில்லை. இப்போது காலமும் சரியில்லை; நம் பெயரைப் பார்த்தாலே ஏர்போர்ட்டில் இரண்டாம் தடவை பார்க்கிறார்கள். தலையைக் குனிந்து இருப்போம்.

இன்ஷா பள்ளிக்கூடத்து டிபேட் டீமில் சேர்ந்துவிட்டாள். வீட்டிலும் எங்களோடு டிபேட்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாண்ட்விச் எல்லாம் ஒரு பெருநாள் சாப்பாடா?

அக்கா,
மெஹர் நிஷா


பிரஸ்ஸல்ஸ்
30 மார்ச் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். உன் கடிதம் கிடைத்தது.

சரி அக்கா. மச்சான் சொல்வது நியாயம்தான்.

புத்தகம் நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். இங்கே வேலை மிக அதிகம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை. அஃப்னானுக்குச் சாக்லேட் அனுப்பியிருக்கிறேன், உருகாமல் வந்தால் சொல். இன்ஷாவின் டிபேட்டுக்கு என் வாழ்த்து.

ஜுஹைர்


பிரஸ்ஸல்ஸ்
13 ஜூலை 2003

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலமா? நான்கு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான்கு முறை ஃபோன் பண்ணினேன். எப்போதும் இன்ஷாதான் எடுக்கிறாள். "அம்மா குளிக்கிறாங்க", "அம்மா கடைக்குப் போயிருக்காங்க". அவள் குரலும் சரியில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஒரு நல்ல செய்தி. ஓட்டு முடிந்துவிட்டது. நம் வாக்கியம் உயிரோடு இருக்கிறது. இனி அரசாங்கங்களோடு பேசி முடிக்க வேண்டும், அதற்கு வருடக் கடைசி ஆகும். ஆனால் விழுந்துபோகவில்லை. ஓட்டு எண்ணிக்கை வந்தபோது எங்கள் இயக்குநர் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார்.

மச்சானிடம் சொல். ஒரு வரியாவது எழுது அக்கா.

ஜுஹைர்


ரவுண்ட் ராக்
24 ஆகஸ்ட் 2003

ஜுஹைருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

மச்சானுக்கு வேலை போய்விட்டது. ஆகஸ்ட் ஏழாம் தேதி. பகல் இரண்டு மணிக்கு ஃபோன் பண்ணி, "வந்து கூட்டிட்டுப் போயேன்" என்றார். ஐந்தரைக்குத்தானே போவேன், என்ன என்று கேட்டேன். "வா" என்றார். போனால் வெயிலில், வாசல் ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டியோடு நிற்கிறார். கார் வந்தது இடது பக்கம். அவர் வலது பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வேலையே இனி இல்லை, இடத்தை எடுத்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாயால் மேனேஜர் சொன்னது வேறு. "இத்தனை வருஷம் ட்ரஸ்ட் பண்ணினேன், எங்கிட்ட மறைச்சுட்டியே" என்றாராம்.

ஸ்ரீநிவாசன் அங்கிள் வந்து, "லாயர் பாருங்க சார், இதுக்கு இங்க கேஸ் போடலாம்" என்றார். "விசா இல்லாதவன் எங்க நின்னு அங்கிள் கேஸ் போடறது?" என்று கேட்டார் மச்சான். கிரீன் கார்டு வேலை அத்தோடு நின்றது. ஸ்கூலில் இருந்து பேப்பர்கள் வாங்க வேண்டும், வீட்டைக் காலி பண்ண வேண்டும். அக்டோபரில் கம்பம் போகிறோம். ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக டிக்கெட் போட்டிருக்கிறது.

இன்ஷா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆறு வயதில் வந்தவள், அவளுக்குக் கம்பம் ஒரு லீவு ஊர். அஃப்னான் தன் சைக்கிளைக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறான்.

மே மாதம் ஆஸிபா வந்திருந்தாள். நெட்டிலிருந்து எடுத்த சில தாள்களைக் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு மச்சான் ஆபீஸ் ஆள் ஒருவர் கொடுத்தாராம். படித்தேன்.

நீ நன்றாக எழுதுகிறாய்.

மெஹர் நிஷா


பிரஸ்ஸல்ஸ்
5 செப்டம்பர் 2003

அக்கா,

ஸலாம் சொல்லக்கூட எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நீ பாதியில் கிழித்துப் போட்டாலும் சரி.

பிப்ரவரியில் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அச்சுக்குப் போகும் நாள் வந்துவிட்டது. இயக்குநர் அம்மா கேட்டார், "உன் குடும்பம் சம்மதித்துவிட்டதா?" நான் "சம்மதித்துவிட்டார்கள்" என்றேன். முதலில் பெயர் போடவில்லை. "பெயரில்லாமல் எப்படி?" என்றார். நசுருதீன், டெக்சாஸ், ரவுண்ட் ராக் என்று நானே தட்டினேன்.

உன் கடிதம் மார்ச் பத்தொன்பதாம் தேதி வந்தது. ஆபீஸ் வராந்தாவில் நின்று படித்தேன். பக்கத்தில் அச்சகத்திலிருந்து வந்த பெட்டிகள் அடுக்கியிருந்தன, நாடாகூட அறுக்கவில்லை. நானூறு பிரதி. இருபத்தொன்றாம் தேதிதான் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு நாளில் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய் சொன்னவன் என்று தெரிந்துவிடும். புத்தகம் நின்றுபோகும், வாக்கியமும் போய்விடும் என்று பயந்தேன். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பெட்டிகளைத் திறந்து நானே அடுக்கினேன். மறுவாரம் அதை இணையத்தில் ஏற்றினார்கள். அப்போதும் பேசாமல் இருந்தேன். ஓட்டு முடிந்த மறுநாள்தான் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். அதற்குள் நீ படித்துவிட்டிருந்தாய்.

அச்சுக்குப் போகும் முன் உனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம். மறந்து விடவில்லை அக்கா. ரிசீவரைக் கையில் எடுத்தேன். நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று தெரிந்தேதான் வைத்தேன்.

யாரிடமும் பேச மாட்டேன் என்று உனக்கு எழுதிய கை இதுதான்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் நான்கு மணி நேரமாவது நிற்பீர்கள். இங்கிருந்து ரயிலில் வந்துவிடுவேன். விமான நிலையத்துக்கு உள்ளே வர ஏதாவது ஒரு விமானத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமானாலும் எடுக்கிறேன். மச்சான் காலைப் பிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் கொடு. தேதியை மட்டும் எழுது.

ஜுஹைர்


ரவுண்ட் ராக்
28 செப்டம்பர் 2003

அன்புள்ள ஜுஹைருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நசுருதீன் சொல்லச் சொல்ல இன்ஷா எழுதுகிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் லெட்டரை மெஹர் படிச்சுக் காட்டலை. பொண்ணைப் படிக்கச் சொன்னேன். கேட்டேன். நீ செஞ்சது தப்பு. அதைச் சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. வேண்டாம்னு சொல்ற உரிமை ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம் இருந்துச்சு, அதையும் நீ எடுத்துக்கிட்டே. ஆனா நீ எழுதலைன்னாலும் எவ்வளவு நாள் மறைச்சிருப்பேன்? ஒரு வருஷம்? அதுக்குள்ள கிரீன் கார்டு வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம்.

உன் வாக்கியத்தை இன்ஷா நெட்ல தேடிப் படிச்சா. இப்ப இருக்கிற டிராஃப்ட்ல ‘முடிந்தபோதெல்லாம்’னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்களே, அதைப் பார்த்தியா? முடிந்தபோதெல்லாம் எல்லாரும் பயன்படுத்தும்படி வாங்கணும்னு. அந்த வார்த்தையை எடுக்கப் பாரு. பத்து வருஷமா டெஸ்ட் பண்றவன் சொல்றேன், அந்த வார்த்தை இருந்தா எவனுக்கும் முடியாது. எங்க மேனேஜரும் ‘முடிஞ்சா உனக்கு வேற வேலை பார்க்கிறேன்’னுதான் சொன்னார்.

அதை எடுத்துடு. எனக்குச் செய்யறதா நினைச்சுச் செய்.

நசுருதீன்

மாமா, இனி நான் எழுதுவது. அத்தாவுக்குத் தெரியாது, அத்தா இந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாது. அம்மா டிக்கெட்டை சிங்கப்பூர் வழியா சேஞ்ச் பண்ணிட்டாங்க. டிராவல் ஆளுகிட்ட ‘யூரோப் மட்டும் வேண்டாம்’னு சொன்னாங்க, நான் பக்கத்துல இருந்தேன். நீங்க ஃப்ராங்க்ஃபர்ட் போகாதீங்க, நாங்க வர மாட்டோம். நான் டிபேட்ல ஸ்டேட் வரைக்கும் செலக்ட் ஆயிருந்தேன். நீங்க ஒரு கால் பண்ணியிருக்கலாம் மாமா. ஒரே ஒரு கால்.

இன்ஷா


பிரஸ்ஸல்ஸ்
4 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். கம்பத்தில் அனைவரும் நலமென அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். டிசம்பரில் எழுதியதற்கும் பிப்ரவரியில் எழுதியதற்கும் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. இதை மட்டும் மச்சானுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மார்ச் 31ஆம் தேதி சட்டம் நிறைவேறிவிட்டது. அடுத்த மாதம் பத்து நாடுகள் சேர்கின்றன, ஆக இருபத்தைந்து நாடுகளுக்கு அதுதான் விதி. நம் வாக்கியம் அதில் இருக்கிறது.

அந்த வார்த்தையும் இருக்கிறது.

மச்சான், நான் போராடினேன். கடைசிப் பேச்சு நடந்த நாட்களில் அறைக்கு வெளியே நின்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் கேட்டேன். "அந்த வார்த்தை இல்லையென்றால் வாக்கியமே இல்லை" என்றார்கள். முன்பு சொன்னேனே அந்த உறுப்பினர், அவர் என் தோளில் கைவைத்து, "உன் உறவினர் எப்படி இருக்கிறார்? நலம்தானே?" என்று கேட்டார். நான் "நலம்" என்றேன்.

அந்த வேலையை விட்டுவிட்டேன். இயக்குநர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். இப்போது ஒரு வழக்கறிஞரிடம் இருக்கிறேன். ஜூனில் விடுமுறை கிடைக்கும். கம்பத்துக்கு வரலாமா?

இந்த முறை பதில் வரும்வரை காத்திருப்பேன்.

ஜுஹைர்


கம்பம்
19 செப்டம்பர் 2004

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் ஏப்ரல் கடிதம் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. மச்சானுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். இப்போது பகலில்கூட ஜன்னல் எது, சுவர் எது என்று மட்டும்தான் தெரிகிறது. அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். வார்த்தை அப்படியே இருப்பதைக் கேட்டதும் சிரித்தார். பிறகு, "இருக்கட்டும். உள்ள நுழைஞ்சிடுச்சில்ல, அடுத்த தடவை எவனாவது அந்த வார்த்தையை எடுப்பான்" என்றார். "அவனை மன்னிச்சிட்டேன்னு எழுதிடு மெஹர். பாவம், காத்துக்கிட்டிருப்பான்" என்றார்.

எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். எழுதவில்லை. மன்னித்துவிட்டேன் என்ற அந்த வார்த்தையை ஐந்து மாதம் என்னிடமே வைத்திருந்தேன். "ஜுஹைர்கிட்டருந்து லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ ஜூனில் வராதது அதனால்தான். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவராகவே சொன்னார்: "அவன் வெட்கப்பட்டுத்தான் எழுதாம இருக்கான் போல." அதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார். அவர் சொன்னதைச் சேர்த்தாகிவிட்டது.

என்னைக் கேட்டால் எனக்குத் தெரியவில்லை. நீ கெட்டவன் இல்லை. எத்தனையோ பேருக்கு நல்லது நினைத்தாய், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நான் யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். இன்ஷா இப்போது என்னிடம் எதையும் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சொன்னால் என்ன ஆகும் என்பதை அவள் நம் வீட்டில்தான் கற்றுக்கொண்டாள்.

வா. விடுமுறை எப்போது கிடைக்கிறதோ அப்போது வா. மச்சான் உன்னோடு பேச ஆசையாக இருக்கிறார். வந்தால் சோறு போடுவேன், பாய் விரிப்பேன். நீ சாப்பிடும்வரை பக்கத்தில் நிற்பேன். உன்னோடு பேச எனக்கு வாய் வருமா என்பதை மட்டும் இப்போது சொல்ல முடியவில்லை.

வஸ்ஸலாம்.

மெஹர் நிஷா